இணைய முகவரிகள்: பஞ்சம் தீர்ந்தது, ஏகபோகம் தீரவில்லை

புதிய தலைமுறை இணைய முகவரிகளைப் பயன்படுத்துவதில் இந்தியா இன்று உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று. கூகுள் நிறுவனத்தின் அளவீட்டின்படி, இந்தியாவிலிருந்து அதன் சேவைகளை அணுகுவோரில் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டினர் ஐபிவி-6 எனப்படும் ஆறாம் பதிப்பு முகவரிகளின் வழியே வருகின்றனர். உலகச் சராசரி இப்போதுதான் பாதியை நெருங்கிக் கொண்டிருக்கிறது. ஆப்பிரிக்காவின் பெரும்பாலான நாடுகளில் அது பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ‘டிஜிட்டல் இந்தியா’வின் சாதனைப் பட்டியலில் இந்த விவரத்தையும் சேர்த்துக்கொள்வது ஒன்றிய ஆட்சியாளர்களுக்கு எளிது.

ஆனால் இந்தச் சாதனை யாருடைய கையால் நிகழ்ந்தது, அதன் பலன் யாரிடம் தேங்கி நிற்கிறது என்ற கேள்விகளை எழுப்பினால் சித்திரம் மாறிவிடுகிறது. தில்லியில் தீட்டப்பட்ட அரசுத் திட்டங்களின் காலக்கெடுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறின. பொதுத்துறை நிறுவனங்கள் திட்டமிட்டே பலவீனப்படுத்தப்பட்டன. அந்த வெற்றிடத்தில் வளர்ந்த தனியார் கைபேசி நிறுவனங்களின் வணிகத் தேவைதான் இந்த எழுபது விழுக்காட்டைக் கொண்டுவந்தது. பொதுச் சொத்தாக மக்களிடம் வந்து சேர்ந்திருக்க வேண்டிய ஒரு வளம், இரண்டு நிறுவனங்களின் வாசல் வழியாகவே வந்து சேருகிறது.

பற்றாக்குறை எப்படி உருவானது?

இணையத்தில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண் வேண்டும். 1981இல் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பு முறையில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகளே சாத்தியம். இன்றைய உலக மக்கள்தொகைக்கு ஆளுக்கு ஒன்றுகூட வராத எண்ணிக்கை இது. ஆனால் இணையம் அன்று அமெரிக்க இராணுவ ஆய்வுத் திட்டமாகவும் பல்கலைக்கழகப் பரிசோதனையாகவும் இருந்ததால், முகவரிகள் அங்கே வாரி வழங்கப்பட்டன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்ற ஒரே கல்வி நிறுவனத்துக்கு 1 கோடியே 67 லட்சம் முகவரிகள் கிடைத்தன. ஃபோர்டு, ஆப்பிள் போன்ற நிறுவனங்களுக்கும் அதே அளவிலான தொகுதிகள் தரப்பட்டன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையிடம் மட்டும் 20 கோடிக்கும் அதிகமான முகவரிகள் சேர்ந்தன.

140 கோடி மக்கள் வாழும் இந்தியாவின் மொத்தப் பங்கு ஏறத்தாழ 4 கோடி. அதாவது 35 பேருக்கு ஒரு முகவரி. அமெரிக்காவிடம் இருப்பதோ சுமார் 160 கோடி. ஒவ்வொரு அமெரிக்கருக்கும் நான்குக்கும் மேல். பென்டகனின் கையிருப்பு மட்டுமே இந்திய நாட்டின் முழுக் கையிருப்பைப் போல் ஐந்து மடங்கு. காலனியாதிக்கக் காலத்தில் முதலில் வந்தவர் வேலியடைத்த நிலத்தைப் போலவே, இணையத்திலும் முதலில் வந்தவர் வளைத்துக்கொண்டார். தாமதமாக வந்த ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளுக்கு மிச்சமே எஞ்சியது.

அந்த மிச்சமும் விரைவிலேயே தீர்ந்தது. 2011 பிப்ரவரி 3 அன்று உலக மையக் கையிருப்பின் கடைசி ஐந்து தொகுதிகள் ஐந்து கண்டப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலிருந்து இயங்கும் ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்னிக், அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று தன் இறுதித் தொகுதியை எட்டியது. ஐந்து பதிவகங்களுள் முதலில் வற்றியது அதுதான். இன்று இந்தியாவில் ஒரு சிறிய இணையச் சேவை நிறுவனம் புதிதாகப் பதிவு செய்தால், அதற்குக் கிடைக்கும் பழைய முகவரிகளின் உச்சவரம்பு 512 மட்டுமே.

இந்தப் பதிவகம் தன் ஆவணங்களில் ‘நாடு’ என்று எழுதுவதில்லை. தன் எல்லைக்குள் வரும் 56 நாடுகளையும் ஆட்சிப்பகுதிகளையும் ‘பொருளாதாரங்கள்’ என்றே குறிப்பிடுகிறது. அரசியல் சிக்கலைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு அது. ஆனால் முகவரிப் பங்கீட்டை உண்மையில் தீர்மானித்தவை பொருளாதார வலிமையும் அரசியல் அதிகாரமும்தான் என்பதை அச்சொல் தன்னையறியாமல் ஒப்புக்கொள்கிறது.

எண்ணுக்கும் வாடகை

பற்றாக்குறை நேர்ந்த இடத்தில் சந்தை முளைத்தது. 2011இல் திவாலான நோர்டெல் நிறுவனத்தின் 6 லட்சத்து 66 ஆயிரம் முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. முகவரி ஒன்றுக்குச் சுமார் 11 டாலர். மாசசூசெட்ஸ் கழகம் தனக்கு விலையின்றிக் கிடைத்தவற்றில் 80 லட்சம் முகவரிகளை விற்கப்போவதாக 2017இல் அறிவித்தது. வாங்கியோருள் அமேசான் முக்கியமானது. 2021 அளவில் ஒரு முகவரியின் சந்தை விலை 50 டாலரை ஒட்டி உயர்ந்தது.

அமேசானின் கணினிச் சேவைப் பிரிவு 2024 பிப்ரவரி 1 முதல் பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் கட்டணம் வசூலிக்கிறது. கேட்பதற்குச் சொற்பத் தொகை. ஓராண்டுக்குக் கணக்கிட்டால் சுமார் 44 டாலர். ஒரு முகவரியின் விலைக்கு ஏறத்தாழ ஈடான தொகையை ஆண்டுதோறும் வாடகையாகப் பெறும் ஏற்பாடு இது. உழைப்போ உற்பத்தியோ எதுவும் இல்லை. ஓர் எண்ணைச் சொந்தமாக வைத்திருப்பது ஒன்றே வருவாய்க்கு ஆதாரம். நிலவாடகையைப் பற்றி மார்க்சியம் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்கால எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆப்பிரிக்காவில் இது இன்னும் அப்பட்டமாக நடந்தது. அக்கண்டத்தின் பதிவகமான அஃப்ரினிக்கிடமிருந்து செஷெல்ஸ் தீவில் பதிவு பெற்ற கிளவுட் இன்னோவேஷன் என்ற நிறுவனம் சுமார் 62 லட்சம் முகவரிகளைப் பெற்று, அவற்றைக் கண்டத்துக்கு வெளியே வாடகைக்கு விட்டது. பதிவகம் அவற்றைத் திரும்பப் பெற முயன்றபோது, வழக்குமேல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2021 ஜூலையில் மொரிஷியஸ் நீதிமன்றம் பதிவகத்தின் வங்கிக் கணக்குகளையே முடக்கியது. 2023இல் பதிவகத்தை நிர்வகிக்க ஒரு பொறுப்பாளர் நியமிக்கப்படும் நிலை வந்தது. ஒரு கண்டத்தின் பொது வளம் தனியார் வழக்கறிஞர்களின் வாதத்தில் சிக்கிக்கொண்டது.

இந்தப் பற்றாக்குறை இயற்கை விதித்ததன்று. 1998 டிசம்பரிலேயே ஆறாம் பதிப்பின் வரையறை வெளியாகிவிட்டது. அதில் சாத்தியமான முகவரிகளின் எண்ணிக்கை 340க்குப் பின் 36 பூச்சியங்கள். பூமியில் எவரும் எவருக்கும் வாடகை தர வேண்டிய அவசியமில்லாத வளம் அது. கால் நூற்றாண்டு கடந்தும் உலகின் பாதி பழைய முறையிலேயே நிற்பதற்குத் தொழில்நுட்பத் தயக்கம் ஒரு காரணம். பழைய முகவரிகளைக் கையில் வைத்திருப்போருக்கு மாற்றத்தில் அவசரம் ஏதுமில்லை என்பது மற்றொரு காரணம்.

தில்லியின் காலக்கெடுக்கள்

இந்திய அரசு இதை அறியாமல் இருந்ததில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2005இலேயே இம்மாற்றம் குறித்து ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. 2010 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை முதல் தேசியச் செயல்திட்டத்தை அறிவித்தது. ஒன்றிய, மாநில அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் 2012 மார்ச் மாதத்துக்குள் புதிய முகவரிச் சேவையைப் பயன்படுத்தத் தொடங்க வேண்டும் என்றது அத்திட்டம். அதே 2012இல் ஆசிய-பசிபிக் நாடுகளின் இணையப் பொறியாளர்கள் கூடும் ஏப்ரிகாட் மாநாடும் தில்லியில் நடைபெற்றது.

2013 மார்ச்சில் இரண்டாம் செயல்திட்டம் வந்தது. அரசு நிறுவனங்களுக்கான கெடு 2017 டிசம்பர் என மாறியது. புதிய கம்பிவழி வீட்டு இணைப்புகள் அனைத்தும் 2014 ஜூன் இறுதிக்குப் பிறகு புதிய முகவரியைத் தாங்க வேண்டும் என்றது அது. பின்னர் 2021 நவம்பரில் மற்றோர் ஆணை. அரசு நிறுவனங்களுக்கு 2022 ஜூன் 30. கம்பிவழி இணைப்புகளுக்கு 2022 டிசம்பர் 31. அரசுத் துறைகளுக்குப் பத்தாண்டு, வீட்டு இணைப்புகளுக்கு எட்டரை ஆண்டு என்ற அளவில் இலக்கு தள்ளிப்போயிருக்கிறது. காங்கிரஸ் தலைமையிலான அரசு வைத்த கெடுவும் தவறியது. பாஜக அரசு வைத்த கெடுவும் தவறியது. செயல்திட்டங்கள் கெடுவை மாற்றினவே தவிர, கருவிகளை மாற்றப் பொதுத்துறைக்குத் தேவையான நிதியை ஒதுக்கவில்லை.

மாற்றம் எங்கிருந்து வந்தது?

அரசு சாதிக்காததை 2016 செப்டம்பர் 5 அன்று வணிகச் சேவையைத் தொடங்கிய ரிலையன்ஸ் ஜியோ நிறைவேற்றியது என்று தாராளமயத்தின் ஆதரவாளர்கள் வாதிடுவதுண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. முழுவதும் நான்காம் தலைமுறைத் தொழில்நுட்பத்தில் கட்டப்பட்ட அதன் வலைப்பின்னல் தொடக்கத்திலிருந்தே ஆறாம் பதிப்பு முகவரிகளின் மேல் அமைந்தது. கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களைச் சேர்க்கத் திட்டமிட்ட புதிய நிறுவனத்துக்குப் பழைய முகவரிகள் கிடைக்க வழியே இல்லை. மற்ற தனியார் நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இந்தியாவின் விழுக்காடு மளமளவென உயர்ந்தது.

மீதிப் பாதி உண்மை, அந்த நிறுவனம் எப்படி அந்த இடத்துக்கு வந்தது என்பதில் இருக்கிறது. 2010 ஜூன் ஏலத்தில் நாடு முழுவதற்குமான அகன்ற அலைவரிசையை வென்ற இன்ஃபோடெல் என்ற சிறு நிறுவனத்தை ரிலையன்ஸ் உடனடியாகக் கைப்பற்றியது. தரவுச் சேவைக்கென வாங்கிய அலைவரிசையில் குரல் சேவையும் வழங்க 2013இல் 1,658 கோடி ரூபாய் கட்டணத்தில் அனுமதி கிடைத்தது. இதனால் அந்நிறுவனத்துக்கு 3,367 கோடி ரூபாய் அளவுக்குத் தகாத ஆதாயம் கிடைத்ததாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பின்னர் சுட்டிக்காட்டினார். சேவை தொடங்கியபோது நாளிதழ்களின் முழுப்பக்க விளம்பரத்தில் பிரதமரின் படம் இடம்பெற்றது. பல மாதங்கள் இலவசச் சேவை தந்து போட்டியாளர்களைச் சாய்த்த பிறகு, சந்தையில் எஞ்சியோர் சிலரே. ஜியோ, ஏர்டெல் ஆகிய இரு நிறுவனங்களிடம் மட்டும் இன்று கைபேசி இணைப்புகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இருக்கிறது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தியபோது, மக்கள் செல்ல வேறு இடம் இருக்கவில்லை.

அதே காலத்தில் பொதுத்துறைக்கு நேர்ந்தது என்ன? தில்லி, மும்பை நகரங்களின் தொலைபேசிச் சேவைக்காக 1986இல் அமைக்கப்பட்ட எம்டிஎன்எல், 2010இல் மூன்றாம் தலைமுறை மற்றும் அகன்ற அலைவரிசைகளுக்காகச் சுமார் 11 ஆயிரம் கோடி ரூபாய் செலுத்த நேர்ந்தது. ஏலத்தில் தனியார் ஏற்றிவிட்ட விலையை, ஏலத்தில் கலந்துகொள்ளாத பொதுத்துறையின் தலையிலும் கட்டினார்கள். அந்தக் கடன் சுழலிலிருந்து எம்டிஎன்எல் மீளவே இல்லை. 2024இல் வங்கிக் கடன்களைத் திருப்பிச் செலுத்த முடியாத நிலையை எட்டியது. பிஎஸ்என்எல் நிறுவனத்துக்கு நான்காம் தலைமுறை அலைவரிசை ஒதுக்க 2019 அக்டோபரில்தான் அமைச்சரவை முடிவெடுத்தது. 2020இல் அதற்கான கருவிக் கொள்முதல் ஒப்பந்தப்புள்ளி ரத்து செய்யப்பட்டு, உள்நாட்டுத் தொழில்நுட்பம் மட்டுமே என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. தனியார் நிறுவனங்கள் கொரிய, ஐரோப்பியக் கருவிகளைத் தடையின்றி வாங்கிக் கொண்டிருந்தன. பிஎஸ்என்எல் நான்காம் தலைமுறைச் சேவையின் நாடு தழுவிய தொடக்க விழா 2025 செப்டம்பரில்தான் நடந்தது. ஜியோவுக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து. இடைப்பட்ட 2020 ஜனவரி இறுதியில், இரு நிறுவனங்களிலிருந்தும் 92 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டனர். கம்பிவழி இணைப்புகளைப் பராமரிக்கவும் புதுப்பிக்கவும் அறிந்த கைகள் அவை.

கைபேசியில் முகவரி, வீட்டில் இல்லை

இதன் விளைவை இணைய இணைப்புகளின் கணக்கில் காணலாம். 2025 மார்ச் நிலவரப்படி நாட்டில் இருந்த சுமார் 97 கோடி இணைய இணைப்புகளில் கம்பிவழி இணைப்புகள் 4 கோடி அளவே. இந்தியாவின் புதிய முகவரி விழுக்காடு என்பது பெரும்பாலும் கைபேசியின் விழுக்காடு.

இதில் என்ன குறை என்று கேட்கலாம். முகவரி என்பது வெளியே செல்வதற்கு மட்டும் உரியதன்று. பிறர் வந்தடைவதற்கும் உரியது. பழைய முகவரிகள் போதாதபோது, நிறுவனங்கள் ஒரே முகவரியின் பின்னால் பல இணைப்புகளை அடைத்துவைக்கின்றன. ஒரு தெரு முழுவதற்கும் ஒரே கதவு எண் தருவதைப் போன்றது இது. உள்ளிருப்பவர் வெளியே கடிதம் அனுப்பலாம். வெளியிலிருந்து வரும் கடிதம் உரிய வீட்டைக் கண்டுபிடிக்காது. அந்த ஏற்பாட்டில் ஒரு தொழிற்சங்கமோ நூலகமோ கூட்டுறவுச் சங்கமோ தன் அலுவலகக் கணினியிலேயே ஓர் இணையத்தளத்தையோ தகவல் சேவையையோ நடத்த இயலாது. பெருநிறுவனங்களின் கணினிகளில் வாடகைக்கு இடம் பிடித்தாக வேண்டும். குற்ற விசாரணையில் ஒருவருடைய செயலுக்கு அதே முகவரியின் பின்னால் இருக்கும் மற்றொருவர் சந்தேகிக்கப்படும் ஆபத்தும் உண்டு. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017இலேயே இந்தப் பகிர்வு முறை குறித்துக் கவலை தெரிவித்தது.

ஆறாம் பதிப்பு இந்தச் சிறையைத் திறக்கும் ஆற்றல் கொண்டது. ஆனால் கைபேசி வலைப்பின்னலில் உள்வரும் இணைப்புகளை அனுமதிப்பதும் தடுப்பதும் நிறுவனத்தின் விருப்பம். நிலையான, கம்பிவழியான, மலிவான வீட்டு இணைப்பு இருந்தால்தான் முகவரி முழுப்பொருள் பெறும். அதைத் தரக்கூடியவை பிஎஸ்என்எல், எம்டிஎன்எல், சிற்றூர்களின் கேபிள் இயக்குநர்கள், உள்ளூர் இணையச் சேவையாளர்கள். தில்லியின் கொள்கை இவர்களைத்தான் நசுக்கியிருக்கிறது. உழைக்கும் மக்கள் இணையத்தில் பார்வையாளராகவும் வாடிக்கையாளராகவும் மட்டுமே இருக்க அனுமதிக்கப்படுகின்றனர்.

கண்காணிப்பும் துண்டிப்பும்

ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி என்பது கண்காணிப்புக்கும் வசதியானது. கருவியை எளிதில் அடையாளம் காணாதபடி முகவரியை அவ்வப்போது மாற்றும் ஏற்பாடு தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது. ஆனால் எந்த முகவரி எந்த நேரத்தில் யாரிடம் இருந்தது என்ற பதிவு சேவை நிறுவனத்திடம் இருக்கும்போது, மக்களைக் காக்கக்கூடியது சட்டம் மட்டுமே. அந்தச் சட்டம் எதிர்த்திசையில் செல்கிறது. கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, பதிவுகளை 180 நாட்கள் சேமிக்கவும், மறைவழிச் சேவை நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்கவும் கட்டளையிட்டது. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசின் அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசிடமே கொடுத்திருக்கிறது.

ஏகபோகம் துண்டிப்பையும் எளிதாக்குகிறது. 2019 டிசம்பர் 19 அன்று குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டத்தின்போது, காவல்துறையின் உத்தரவால் தலைநகரின் பல பகுதிகளில் கைபேசிச் சேவை நிறுத்தப்பட்டது. 2021 ஜனவரி இறுதியில் சிங்கு, காஜிப்பூர், டிக்ரி எல்லைகளில் போராடிய விவசாயிகளின் இணையம் துண்டிக்கப்பட்டது. விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு போனால் போதும், இலட்சக்கணக்கானோர் வாயடைக்கப்படுகின்றனர்.

மாற்றுப் பாதை

வேறு வழி இல்லை என்பது உண்மையன்று. வியத்நாம் 2009இலேயே இம்மாற்றத்துக்கென அமைச்சக அளவில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அரசு நிறுவனங்களின் வலைப்பின்னல்கள் வழியே இன்று அந்நாடு பாதியைத் தாண்டி முன்னேறியிருக்கிறது. சீனம் 2017 நவம்பரில் செயல்திட்டம் வகுத்து, 2018க்குள் 20 கோடி, 2020க்குள் 50 கோடிப் பயனாளர் என இலக்கு வைத்து, அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனங்களை முன்னிறுத்தியது. தொலைத்தொடர்பைப் பொதுத்துறையில் வைத்திருந்ததால்தான் அங்கே திட்டமிடலுக்குப் பொருள் இருந்தது.

இந்தியாவுக்குள்ளேயே கேரளம் ஒரு சான்று. இணையம் குடிமக்களின் அடிப்படை உரிமை என்று அறிவித்த இடது ஜனநாயக முன்னணி அரசு, மின்வாரியத்தின் கம்பங்களைப் பயன்படுத்தி கேஃபோன் என்ற கண்ணாடி இழை வலைப்பின்னலை 2023 ஜூன் 5 அன்று தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு, 30 ஆயிரம் அரசு அலுவலகங்களுக்கு இணைப்பு என்பது அதன் இலக்கு. தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் நிறுவனத்தின் வழியே 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணி நடைபெறுகிறது. ஆனால் ஒன்றிய அரசோ 2021 ஆகஸ்டில் வெளியிட்ட பணமாக்கல் திட்டத்தில் பாரத்நெட்டின் 2.86 லட்சம் கிலோமீட்டர் இழையையும், பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் கோபுரங்களையும் தனியாரிடம் ஒப்படைக்கும் பட்டியலில் சேர்த்தது. கிராமத்துக்குச் செல்ல வேண்டிய பொதுப் பாதைக்கும் சுங்கச்சாவடி அமைக்கும் வேலை இது.

எனவே, உடனடியாகச் செய்ய வேண்டியவை தெளிவானவை. எத்தனை அரசு இணையத்தளங்களும் அலுவலகங்களும் 2022 ஜூன் கெடுவுக்குள் மாறின என்ற விவரத்தை அமைச்சகவாரியாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். பொதுத்துறை நிறுவனங்களின் கம்பிவழி வாடிக்கையாளர்களுக்குப் பழைய இணைப்புக் கருவிகளைக் கட்டணமின்றி மாற்றித்தர நிதி ஒதுக்க வேண்டும். வீட்டு இணைப்புகளுக்கு நிலையான புதிய முகவரித் தொகுதியும், உள்வரும் இணைப்புக்கான உரிமையும் உரிம நிபந்தனையாக்கப்பட வேண்டும். முகவரிப் பதிவை நிர்வகிக்கும் தில்லியின் நிக்ஸி அமைப்பு, சிறிய சேவையாளர்களுக்கும் கூட்டுறவுகளுக்கும் கட்டணச் சலுகையும் மாநில மொழிகளில் பயிற்சியும் அளிக்க வேண்டும். நீதிமன்ற ஆணையின்றி முகவரிப் பதிவுகளை எந்த அரசு அமைப்பும் பெறக்கூடாது. பாரத்நெட் பணமாக்கல் பட்டியலிலிருந்து நீக்கப்பட வேண்டும்.

எண்ணிக்கையில் இனி முகவரிப் பஞ்சம் வராது. அந்த ஏராளம் மக்களுடையதாக வேண்டுமெனில், அது வந்துசேரும் பாதையும் மக்களுடையதாக இருக்க வேண்டும். பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் நிறுவனங்களைக் காக்கும் ஊழியர்களின் போராட்டத்தை அத்தொழிலாளர்களின் பிரச்சனையாக மட்டும் சுருக்கிவிடக்கூடாது. இணையம் யாருக்கு என்ற கேள்வியை ஜனநாயக இயக்கங்கள் அனைத்தும் அந்தப் போராட்டத்தோடு இணைத்து எழுப்ப வேண்டிய காலம் இது.